கோகிலன் வாய் திறக்காத மாதம்

கோகிலனின் தொண்டையைப் பற்றி ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். பாதிக்குப் பாதி புளுகு. ஆனால் மைக் இல்லாமல் அவன் கத்தினால் எதிர்மலையில் கொழுந்து பறிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்பது நிஜம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். பள்ளிக்கூடத்து உறுமி மேளக் குழுவில் பாடித் தொடங்கியவன், மீசை முளைத்ததும் ஒரு பழைய கிட்டாரை வாங்கிக்கொண்டு ராக் பேண்டு ஆரம்பித்தான். டிரம்ஸுக்குப் பக்கத்து வீட்டு மகேன். சின்ன வயதுக் கூட்டாளி.

பேண்டுக்குப் பெயர் ‘பெரட்டு’. காலையில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டுதான். மேடையேறியதும் கோகிலன் கங்காணி மாதிரி கூட்டத்தை ஓர் அதட்டு அதட்டுவான். கூட்டம் ‘வந்தாச்சு!’ என்று பதிலுக்குக் கத்தும். அப்புறம்தான் கிட்டார். அட்டைக்கடியைப் பற்றி அவன் கட்டிய பாட்டு ரேடியோவில் வந்தது. ஈப்போ, கிள்ளான், பினாங்கு என்று கூப்பிட்டார்கள். ஆட்டம் தூள் பறந்தது.

பாட்டோடு சேர்ந்து தண்ணியும் வளர்ந்தது. சம்சு சாராயம் உள்ளே இறங்கினால்தான் குரல் பிசிறும், பிசிறினால்தான் ராக் என்று தத்துவம் பேசுவான். மண்ணாங்கட்டித் தத்துவம்! கிள்ளானில் மேடையிலிருந்து குப்புற விழுந்தான். தாப்பா மலைப்பாதையில் கூட்டாளி ஓட்டக் கொடுத்த கெரெத்தாவைப் பள்ளத்தில் இறக்கினான். அவன் பெண்டாட்டி பாஞ்சாலை கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனதற்கும் மனசு கேட்காமல் திரும்பி வந்ததற்கும் கணக்கில்லை. வயிற்றுப்பாட்டுக்கு கியா பார்மிலிருந்து காய்கறி ஏற்றும் லோரி ஓட்டினான். ஓட்டிய நாள் கொஞ்சம், படுத்துக் கிடந்த நாள் அதிகம்.

போன வருஷம் ஒரு கல்யாண விருந்தில் பாடிக்கொண்டிருந்தபோது, பாட்டின் நடுவிலேயே குரல் நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. மகேன் சமாளித்து டிரம்ஸை அடித்துத் தள்ளினான். கோகிலனுக்கு உள்ளங்கால் வரை வேர்த்துவிட்டது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தொண்டையில கட்டி. அறுத்து எடுத்துடலாம். அதுக்கப்புறம் ஒரு மாசம் வாயே தொறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசுறதும் கூடாது. காரம், புளி வேணாம். சிகரெட்டு, தண்ணி ரெண்டும் அடியோட நிறுத்தணும். மறுபடியும் குடிச்சீங்கன்னா பாட்ட மறந்துடுங்க.”

“நிறுத்திட்டா பாட வருமா?” என்று பாஞ்சாலைதான் கேட்டாள்.

“நிறுத்துனா பாக்கலாம்மா.”

பாடகனுக்குத் தொண்டையில் கத்தி வைத்தார்கள் என்று தெரிந்தால் எவன் மேடைக்குக் கூப்பிடுவான்? அதனால் ஊரில் மூச்சு விடவில்லை. ஈப்போவில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய் அறுத்துக்கொண்டு வந்தார்கள்.

வந்த சனிக்கிழமை மகேன் சம்சு பாட்டிலோடு வந்து நின்றான். “டேய் கோகி! எங்கடா போன, ஆளையே காணோம் லா!” என்று கதவைத் தள்ளியவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே கோகிலன் குளிருக்குக் கழுத்தைச் சுற்றி மஞ்சள் துண்டு போட்டுக்கொண்டு, வெறும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கையில் கிடைத்த துண்டு அது. அவ்வளவுதான் விஷயம். பேச முடியாது என்று காட்ட கோகிலன் இரண்டு கையையும் கூப்பினான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மஞ்சள் துண்டு, மாமிசம் இல்லை, வாயில் பேச்சில்லை. மகேன் வேறு என்ன நினைப்பான்? செருப்பை உதறி வெளியே விட்டான். பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

“சாமி, தெரியாம வந்துட்டேன். மன்னிச்சுக்குங்க” என்றான். விரதம் இருப்பவர்களை இங்கே சாமி என்றுதான் கூப்பிடுவது. நேற்று வரை ‘டேய்’ போட்டவன், முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனான். பாஞ்சாலை அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து எத்தனை காலம் ஆயிற்றோ!

மறுநாளே தோட்டம் முழுக்கப் பேச்சு. கோகிலன் மௌன விரதமாம். குடிகாரப் பயலுக்கு வந்த வாழ்வைப் பார் என்று சிலர். ஆத்தா கூப்பிட்டுட்டா என்று பலர். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் கிடையாது. எழுதிக் காட்டலாம்தான். காட்டினால் ஆஸ்பத்திரிக் கதை வெளியே வரும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டான்.

ஆனால் நாக்கு விடுமா? இரண்டாம் வாரம் கைநடுக்கம் பிடித்து ஆட்டியது. பாஞ்சாலை வேலைக்குப் போன நேரம் பார்த்து, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டில் ஜெகதீஸ்வரன் கடைக்குப் போனான். கடையின் பின்பக்கம் சம்சு கிடைக்கும். டுயிட்டை எண்ணி நீட்டி, பாட்டிலைக் கைகாட்டினான். ஜெகதீஸ்வரன் எழுந்து நின்றுவிட்டார்.

“சாமி, இந்தப் பக்கமெல்லாம் நீங்க வரலாமா? என்னய சோதிக்கிறீங்களா? பாவம் எனக்குல்ல வந்து சேரும்!” என்று சூடாக ஒரு மைலோ கலக்கிப் பையில் கட்டிக் கொடுத்து, காசும் வாங்காமல் அனுப்பினார். கோகிலனுக்கு வந்த ஆத்திரத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. அதற்கும் வழியில்லை. அணைக்கட்டு ஏரிக்கரையில் மோட்டாரை நிறுத்தி அந்த மைலோவைக் குடித்தான். குடித்து முடித்தபோது நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. இன்றைக்குத் தாண்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டான். நாளைக்கும் தாண்டிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்தான்.

அவன் குடிக்காமல் இருந்தானா, ஊர் குடிக்க விடாமல் வைத்திருந்ததா என்று கேட்டால், முதலில் ஊர்தான். அது அவனுக்கும் தெரியும். மூன்றாம் வாரம்தான் அது அவனை உறுத்த ஆரம்பித்தது. மகேனின் அம்மா குமுதா பால் செம்போடு வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். “சாமி, ஆத்தாகிட்ட எம் மவனுக்கும் சேத்து வேண்டிக்குங்க. நீங்களே விட்டுட்டீங்க. அவனும் விடணும்” என்று அழுதாள். மகேனுக்கு முதல் கிளாஸை ஊற்றிக் கொடுத்தவனே கோகிலன்தான். தலையை ஆட்டவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.

மாதம் முடிந்து டாக்டரம்மா பார்த்தார். பேசலாம், மெதுவாகப் பாடியும் பார்க்கலாம் என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் “பாஞ்சா” என்றான். கரகரவென்று, யாரோ ஒருவரின் குரல் மாதிரி இருந்தது. பாஞ்சாலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

“திருவிழாவுல பாடச் சொல்றாங்க. உண்மைய சொல்லிடப் போறேன்” என்றான்.

“சொன்னா மறுநாளே பாட்டிலோட வந்து நிப்பானுங்க. சாமின்னு நெனச்சுத்தான் ஒதுங்கி நிக்கிறானுங்க.”

“வரட்டும். எத்தன நாளைக்கு துண்டுக்குப் பின்னால ஒளியறது?”

திருவிழா மத்தியானம், அன்னதானம் முடிந்து கோயில் மண்டபத்தில் கூட்டம். ‘பெரட்டு’ ஆட்கள் மேடையில் ஏறி நின்றார்கள். கோயில் தலைவர் மைக்கைப் பிடித்து, “நம்ம கோகிலன் சாமி விரதத்த முடிச்சு இன்னிக்குப் பாடப் போறாரு” என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கோகிலன் மஞ்சள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

“நான் விரதம் இருக்கல. தொண்டையில ஆபரேசன். குடிச்சுக் குடிச்சு நானே கெடுத்துக்கிட்டேன். பேசக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. நீங்க சாமின்னு கூப்டீங்க, நான் சும்மா இருந்துட்டேன்.”

பின்வரிசையில் எவனோ சிரித்தான். குமுதா எழுந்தாள்.

“அப்ப நான் வேண்டிக்கச் சொன்னது?”

“வேண்டலம்மா. மன்னிச்சுக்குங்க.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிரம்ஸுக்குப் பின்னால் மகேன் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தான். கோகிலன் பாடினான். பழைய குரலில் பாதிகூட இல்லை. மேலே போக வேண்டிய இடத்தில் போகவில்லை. கீழேயே பிடித்து, உடைந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி எடுத்து, கடைசி வரி வரை பாடி முடித்தான். கைதட்டல் குறைவுதான். குமுதா தட்டினாள்.

மண்டபத்துக்குப் பின்னால், காய்கறி லோரி நின்ற இடத்தில், மகேன் இரண்டு பீர் டின்னோடு காத்திருந்தான். முகமெல்லாம் பல்.

“பாவி! ஒரு மாசம் உன்னய சாமின்னு கும்பிட வச்சிட்டியேடா! இந்தா புடி.”

“வேணாம்.”

“அட! விரதமே இல்லன்னு நீதான மைக்குல சொன்ன? அப்புறம் என்ன லா?”

டின் அவன் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. ஜில்லென்று வேர்த்திருந்தது. கோகிலன் எச்சிலை விழுங்கினான். அறுத்த இடம் வலித்தது.

“விரதமா இருந்திருந்தா இன்னியோட முடிஞ்சிருக்கும்டா மகேன்” என்றான். “விரதம் இல்ல. அதனாலதான் இன்னும் முடியல.”