ரஹ்மத் ஸ்டோர்ஸ் இதுவா?

இன்று கண்டிக்குப் பக்கத்தில், திகனயில், ஹெல்மட் போட்ட ஒருவர் என் கடை வாசலில் பைக்கை நிறுத்தி, "ரஹ்மத் ஸ்டோர்ஸ் இதுவா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

முஸ்லிம் கடைகளை எரித்த கலவரத்துக்குப் பிறகு அந்தப் பெயர்ப் பலகையைக் கழற்றி, "சிட்டி ஸ்டோர்ஸ்" என்று மாட்டியிருக்கிறேன். வாய் தானாக "இல்லை" என்றது.

வந்தவர் கூரியர்காரர். மகள் காத்துக்கொண்டிருந்த சர்க்கிட் போர்ட் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

அவள் லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளின் மையப் பகுதிக்கு, வேலை செய்கிறாள். போர்டில் என்னென்ன சாமான் உண்டென்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பில், ஒரே சாமானுக்குப் பல பெயர்களாம். அதை ஒழுங்காக்கி, போர்டில் ஓட்டிப் பார்த்து, இந்த வாரமே அனுப்ப வேண்டும். ஓ.எல். பரீட்சையை இரண்டு தரம் எழுதிய எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

"பேர மாத்தினா பழைய பேரையும் பக்கத்துல வெக்கோணும் வாப்பா. இல்லாட்டி பழைய பேர வெச்சித் தேடுறவன், சாமானே இல்லண்டு போயிடுவான். கெர்னல்ல நாங்க அப்பிடித்தான் செய்யிற," என்றாள் மகள்.

"அந்தப் பழைய பேருக்குப் பயந்துதானே மகள் நான் பலகைய மாத்தின," என்றேன்.



சொந்தக் கடையையே இல்லை என்று சொன்ன முதலாளி கண்டிப் பக்கம் நான் மட்டும்தானா? உங்கள் கடையின் பழைய பெயரை எழுத வேண்டாம். கீழே கமெண்டில் "நானும்" என்று போட்டால் போதும்.