திறக்காத முகவரி

எங்கள் வீட்டுக்கு உடன்குடியார் வீடு என்று பேர். தச்சநல்லூரில் எங்கள் தெருவிலேயே அப்பா பேரில் இன்னொருவர் இருக்கிறார்; அவருடையது முக்கூடலார் வீடு. தபால்காரர் விசாரிப்பதும் கல்யாணப் பத்திரிகையில் போடுவதும் இப்படித்தான். உடன்குடியில் எங்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. இதெல்லாம் தெரிந்தே நான் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதுதான் வெட்கக்கேடு.

உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் தன் இணையக் கடையை என்னை நம்பி ஒப்படைத்திருந்தார். கடைக்கு வரும் ஆர்டர்களைச் சென்னையில் இருக்கும் ஒரு கூரியர் நிறுவனத்தின் கணினிக்கு என் புரோகிராம் அனுப்ப வேண்டும். எக்ஸ்எம்எல் என்ற கணினி எழுத்துமுறையில் எழுதிய கடிதம் மாதிரி அது போகும். அதன் தலையில், கூரியர்காரர்கள் கொடுத்தபடி, நேம்ஸ்பேஸ் என்று ஒரு வரி இருக்க வேண்டும். பார்த்தால் அசல் இணைய முகவரிதான். பிரவுசரில் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு பக்கமே இல்லை என்றது. பழைய முகவரி போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் அவர்களுடைய இணையதள முகவரியை அங்கே போட்டுவிட்டேன். அதுதான் திறந்ததே!

ஒரு ஆர்டரும் போய்ச் சேரவில்லை. தீபாவளி நெருக்கம். அண்ணாச்சி கடையில் கட்டி வைத்த பெட்டிகளால் நடக்க இடமில்லை.

வீடியோ காலில் கூடினோம்: நான், அண்ணாச்சி, கூரியர் மேலாளர், அவரிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அந்த வரியை எனக்கு அனுப்பியவள் அவள்தான்.

"திறக்காத முகவரியைக் கொடுத்துட்டு ஆர்டர் வரலைன்னா எப்படி? வேலை தெரிஞ்ச ஆளைப் போடுங்க" என்றேன்.

"சார், அது போய்ப் பார்க்கிற முகவரி இல்லை, வெறும் பேருதான்…" என்று ஆரம்பித்தாள். நான் பேசவிட்டால்தானே.

மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். "சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்மா."

பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். அவள் சொன்னதுதான் சரி. 'எண்' என்று நானும் எழுதுவேன், அவர்களும் எழுதுவார்கள்; எனக்கு அது பில் எண், அவர்களுக்குப் பார்சல் எண். யாருடைய எண் என்று பிரித்துக் காட்டத்தான் அந்த வரி. கணினி அங்கே போவதே இல்லை. அவர்கள் வைத்திருக்கும் பேரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். பழைய வரியைத் திரும்பப் போட்டேன். ஆர்டர்கள் மடமடவென்று போயின.

சாயங்காலம் மறுபடியும் கூடினோம். "முகவரியைச் சரிபண்ணிட்டியாம்மா?" என்று மேலாளர் அவளைக் கேட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

"அவங்க சரியாத்தான் கொடுத்தாங்க. நான்தான் மாத்தித் தொலைச்சேன்" என்றேன். புரிய வேண்டுமே என்று எங்கள் வீட்டுப் பேரையும் உதாரணம் சொன்னேன்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏலே, நான் உடன்குடியிலதான கெடக்கேன். ஒரு நாளாவது ஒன்னைத் தேடி இங்கன தெருத்தெருவா அலைஞ்சிருக்கேனாலே?"

மேலாளரும் சிரித்தார். நானும் அசடு வழிந்தேன்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. கண் சிவந்திருந்தது. "ஆர்டர் எல்லாம் வந்துடுச்சு சார்" என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னாள்.