தம்பி மனைவி எழுதிக் கொடுத்த சாட்சி

மூன்று வருடங்களுக்கு முன் திருப்பதியில் நடந்தது. நான் இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பிறந்த ஊர் நகரி. ரேணிகுண்டா சாலைப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, என் சம்பளத்தைக் காட்டி வங்கியில் கடன் கேட்டிருந்தேன்.

வங்கி அதிகாரி கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். என் பெயரில் ஏற்கெனவே இரண்டு கடன்கள், எட்டு மாதமாகத் தவணை கட்டவில்லை என்றிருந்தது. "நான் வாங்கவே இல்லை சார்" என்றேன். அவர் கடனோடு பதிவாகியிருந்த செல்போன் எண்ணைக் காட்டினார். நகரியில் இருக்கும் அம்மா வீட்டுக்காக நான் என் பெயரில் வாங்கிக் கொடுத்த சிம் அது. வைத்திருந்தவன் என் தம்பி. நிலப் பத்திர வேலை என்று அவன் கேட்டபோது, ஆதார், பான் கார்டுகளையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன்.

"யார் செய்ததென்று எழுத்தில் புகார் கொடுங்கள். இல்லாவிட்டால் இது உங்கள் கடன்தான்" என்றார் அதிகாரி.

தம்பிக்குப் போன் செய்தேன். தறிக்கு நூல் வாங்க, அந்தக் கார்டுகளை வைத்து ஆன்லைனில் கடன் எடுத்தானாம். "ரெண்டே மாசம்க்கா, கட்டிட்றேன்" என்றான். அம்மா போனைப் பிடுங்கி, "கூடப் பொறந்தவன ஸ்டேஷன்ல நிக்க வெப்பியாடி?" என்று அழுதார். எழுதிய புகாரை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் மதியம், யாரோ பார்க்க வந்திருப்பதாக மருத்துவமனை வாட்ச்மேன் சொன்னார். வெளியே போனால் தம்பி மனைவி. ஏழு மாத வயிற்றோடு, நகரியிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். கையில் ஒரு பழைய போன்.

"அந்த சிம்மு இப்போ என்னாண்டதான் கீதுக்கா. கடன் குடுத்தவங்க உங்க பேர சொல்லி மெசேஜ் போட்டுக்கினே கீறாங்க. அப்பதான் விஷயம் தெரிஞ்சுது. இன்னா எழுதணுமோ சொல்லுங்க, எழுதித் தரேன்."

"வீட்ல உன்ன சும்மா விடுவாங்களா?" என்றேன்.

"அவராண்ட சொல்லிட்டுதான் வந்தேன், ஒளிஞ்சி வர்ல. நான் வாய மூடிக்கினா, நானும் சேந்து பண்ண மாதிரிதானேக்கா?"

கல்யாணமாகி இரண்டு வருடத்தில், எந்த விஷயத்திலும் இவளுடைய அபிப்பிராயத்தை நாங்கள் கேட்டதே இல்லை. அவள் பள்ளியில் படித்தது தெலுங்கு. அவளை வங்கிக்கு அழைத்துப் போய் என் புகாரையும் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து, நடந்ததை ஒரு பக்கம் முழுக்கத் தெலுங்கிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதைப் படித்து முடித்த அதிகாரி, எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் தம்பியே வந்தான். "அவ எழுதனது நெசம்தான்க்கா" என்று தலை குனிந்தபடி சொல்லி, தானும் எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகும் விசாரணை முடிந்து அந்தக் கடன்களிலிருந்து என் பெயர் நீங்க ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அந்த வீடு கைவிட்டுப் போனது. அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. தம்பி இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். அம்மா, பேத்தி பிறக்கும்வரை மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அதற்காக யாரிடமும் வருத்தப்படவும் இல்லை, செய்ததைச் சொல்லிக்காட்டவும் இல்லை.

இப்போதெல்லாம் கார்டு நகல் யாருக்குக் கொடுத்தாலும், எதற்காக என்று அதன் மேலேயே எழுதித்தான் தருகிறேன். சில மாதங்களுக்கு ஒருமுறை என் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்றும் பார்த்துவிடுகிறேன். இதையெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால், வாழப் போன வீட்டையே எதிர்த்து எனக்காக உண்மையைச் சொன்னாளே, அவள் நிலையில் நான் இருந்திருந்தால் அந்தத் துணிச்சல் எனக்கு வந்திருக்குமா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.