குளக்கரைத் திடலுக்கு வழி தேடிப் பவானிக்குப் போனது

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். கோயமுத்தூரில் ஒரு குளக்கரையில் ஊர் மக்கள் கூடுவதற்கான திடலை வடிவமைக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. கட்டடக்கலை படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்தக் கரையில் சில இருளர் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் கும்பிடும் கன்னிமார் கற்கள் தண்ணீரை ஒட்டியே இருந்தன. கற்களை நான் பெயர்க்கவில்லை. ஆனால் குழந்தைகள் விழுந்துவிடக்கூடாதே என்று, கற்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆளுயரச் சுவர் வரைந்திருந்தேன்.

இருளர் குடியிருப்பில் இருந்த ரங்கியிடம் அதை விளக்கியபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. "கன்னிமாருக்குத் தண்ணி வேணுமுங்க. செவுரு வெச்சு மறைச்சுப்போட்டா நாங்க எப்படீங்க கும்புடறது?"

தண்ணீரை மறைக்காமல் ஆற்றங்கரையில் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாமென்று காலை ஆறு மணி பஸ் பிடித்தேன். அவிநாசி, பெருந்துறை வழியாகப் பவானிக்கு அறுபது மைலுக்குக் கொஞ்சம் மேல். நான்கு மணி நேரம் ஆனது. (ஜன்னலோரம் உட்கார்ந்தால் புழுதி இலவசம்.)

பவானியும் காவிரியும் சேரும் கூடுதுறைப் படிகளை ஆற்றிலிருந்து பார்க்க ஆசைப்பட்டேன். பரிசல்காரர் பழனியப்பன் தயங்கினார். "மேக்கால மழைங்க அம்மணி. வெரசாப் போயிட்டு வந்துரோணுமுங்க."

நடு ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறமானது. பரிசல் சுழலத் தொடங்கியது. "எந்திரிச்சுப்போடாதீங்க அம்மணி!" என்று கத்தினார். அவர் குரல் நடுங்கியதைக் கேட்டதும் பரிசலின் ஓரத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன்.

படித்துறை எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்து நீளமாக ஒரு கிடங்கின் கற்சுவர். பழனியப்பன் துடுப்பைப் போட்டுவிட்டுச் சுவரைப் பற்றப் பார்த்தார், பாசி வழுக்கியது. நான் நகத்தால் கல்லைப் பிறாண்டினேன். பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லை. மேலே யாரோ சிரித்துப் பேசுவது கேட்டது. கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை.

சுவர் முடிந்த சரிவில், வெள்ளத்தைக் கண்டு, அலசிக் காயப்போட்டிருந்த ஜமக்காளங்களை வாரிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். ஈர ஜமக்காளத்தின் ஒரு முனையை வீசினார்கள். "புடி கண்ணு, உட்டுராத!" பிடித்தோம். கரையில் விழுந்து வெகுநேரம் மண்ணை இறுக்கிக்கொண்டு கிடந்தேன்.

ஊர் திரும்பிச் சுவரை அழித்தேன். அதன் இடத்தில் தண்ணீருக்குள் இறங்கும் அகலமான படிகளை வரைந்தேன். கடைசிப் படியைத் தாண்டியும் முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாதபடி தரையை மேடாக்கச் சொன்னேன். "குழந்தை விழுந்தா?" என்றார் நகராட்சி அதிகாரி. "ஏறி வர வழி இருக்குங்க" என்றேன். ஒரு மாதம் இழுத்தடித்துச் சம்மதித்தார்.

திடல் முடிந்த வருடம் மழை பெய்து, தண்ணீர் கன்னிமார் பாதத்தைத் தொட்டது. "எறங்கி வாங்கம்மணி" என்று ரங்கி கை நீட்டினார். நான் மேல்படியிலேயே நின்றுவிட்டேன். அவரே மேலேறி வந்து என் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டார்.

பவானிக்குப் போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் பரிசல்காரர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், கரையில் நின்றே பாருங்கள். நான் அதற்குப் பிறகு பல முறை போய்விட்டேன். பரிசலில் மட்டும் ஏறியதில்லை.