எங்கள் லோயரின் அப்பப்பா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் அகதி வழக்குகள் பார்க்கும் ஒரு லோயரிடம் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். அவர் ஐரிஷ் வழி வந்தவர். மேசைக்குப் பின்னால் அவருடைய அப்பப்பாவின் படம். தலையில் வெள்ளைப் பொய்முடி, முகத்தில் உலகத்தையே மன்னித்துவிட்ட பாவனை. யார் வழக்கோடு வந்தாலும் முதலில் அப்பப்பாவின் கதையைக் கேட்டாக வேண்டும். நான் அதைத் தமிழில் சொல்லியாக வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தின் ஒரு சிறு பட்டினத்தில் அப்பப்பாவும் லோயர். நிலச்சொந்தக்காரர்கள் துரத்திய குத்தகை விவசாயிகளுக்காக வாதாடினார். சனம் அவரைத் தோளில் தூக்கி லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. கதை எப்போதும் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு கோடையில் லோயரின் அத்தை அயர்லாந்திலிருந்து வந்து, ஒரு நாள் கந்தோரில் எங்களோடு இருந்தார். லோயர் வழக்கமான இடத்தில் கதையை முடித்ததும், அத்தை தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மீதியைச் சொன்னார். லண்டன் போனவர் முதல் வருடம் முழங்கினாராம். அடுத்த வருடம் செருமினாராம். பிறகு விருந்துகளுக்கு மட்டும் போனாராம். கடைசியில் நீதிபதிப் பதவி வந்தது. அதே பட்டினத்துக்குத் திரும்பி, அதே விவசாயிகளை வெளியேற்றும் உத்தரவுகளில் கையெழுத்து வைத்தார்.

லோயரின் காது சிவந்தது. நான் மொழிபெயர்ப்பை நிறுத்தவில்லை, சொல்வதைச் சொல்வதுதானே என் வேலை. எதிரே இருந்தவர் யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற தபாலதிபர்.

"உதுக்கேன் தம்பி அயர்லாந்துக்குப் போவான்? எங்கட அப்புக்காத்து லோயர்மாரும் கோட்டிலையிருந்து பாராளுமன்றம் போனவைதானே. நாங்கள் மாலை போட்டெல்லோ அனுப்பினனாங்கள்."

"லோயரிட்டைச் சொல்லட்டோ, அங்கிள்?"

"வேண்டாம். என்ர கேஸ் முடியட்டும்."

அடுத்த வருடம் லோயர் தாமே நகரசபைத் தேர்தலில் நின்றார். அரசியல் தம் இரத்தத்தில் உள்ளது என்றார். தபாலதிபரின் வழக்கைக் கந்தோரில் தம்மோடு வேலை பார்த்த இளம் பெண் லோயரிடம் தள்ளிவிட்டார். அந்தப் பெண் அப்பப்பாவின் துணையில்லாமலே அந்த வழக்கை வென்றார்.

எங்கள் லோயரோ தமிழ் வாக்குகளை நம்பி, எங்கள் சனம் நிறைந்த டோர்செட் பார்க்கின் மாடிக் கட்டடங்களில் மாலை மாலையாக ஏறி இறங்கினார். எந்தக் கதவைத் தட்டுவதென்று காட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். வீட்டுக்கு வீடு ரோல்ஸ், தேநீர். "ஓம் ஓம், எங்கட வோட்டு சேருக்குத்தான்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் கொப்பியில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சரி போட்டார்.

அந்தக் கதவுகளுக்குப் பின்னால் குடியுரிமை கிடைத்தவர் ஒருவர்கூட இல்லை. குடியுரிமை இல்லாமல் வாக்கும் இல்லை. அவர்களுடைய அகதிப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவரே அவர்தான்.

படுதோல்வி. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் கேட்கவில்லையே என்றேன். அது பொய்ச் சாட்டு. ஒரு வெள்ளைக்கார லோயர் என் சொல் கேட்டு நடப்பதை எங்கள் சனம் வாசலுக்கு வாசல் பார்க்கட்டும் என்றுதான் பேசாமல் இருந்தேன்.