நத்தை ஓட்டு மீன்கள்

டொராண்டோவின் அஜின்கோர்ட்டில் ஓர் அப்பார்ட்மென்டில் நானும் நண்பனும் குடியிருந்தோம். ஊரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கொழும்பில் நடந்த எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அவன் முதலில் டொராண்டோ வந்து சேர்ந்தான். அடுத்த வருடம் நான் வந்தபோது தன் அறையில் எனக்கும் ஒரு மெத்தை போட்டுத் தந்தான். அவனுக்குப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. எனக்கு மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கிச்சனில்.

மீன்தொட்டி அவனுடைய ஆசை. வேலை முடிந்து வரும் வழியில் குளிருக்கு ஒதுங்க ஒரு மீன்கடைக்குள் போனவன், அங்கே ஆப்பிரிக்க ஏரியொன்றின் குட்டி சிக்லிட் மீன்களைக் கண்டு நின்றுவிட்டான். சின்னவிரல் நீளம்கூட இல்லை. மங்கிய மண்ணிறக் கோடுகள். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவை காலி நத்தை ஓடுகளுக்குள் குடியிருந்தன. வாயால் மணலை அள்ளி அள்ளி எறிந்து, வாசல் மட்டும் தெரிய ஓட்டைப் புதைத்துவிடும். ஆள் நிழல் விழுந்தால் அத்தனையும் உள்ளே போய்விடும், தொட்டியில் ஒன்றும் இருக்காது. அசையாமல் நின்றால் சற்று நேரத்தில் ஒவ்வொரு வாசலிலும் இரண்டு கண்கள் தெரியும்.

பிரெஞ்சுக்காரர் நத்தை சமைக்கவென்று சூப்பர்மார்க்கெட்டில் காலி ஓடுகள் விற்றார்கள். அவற்றை வாங்கி அவித்துக் கழுவித் தொட்டியில் போட்டான்.

தொட்டியின் மேற்பாதி சும்மா கிடக்கிறதே என்று வேறு மீன் தேடினோம். பளீரென்ற நீல மீன் ஒன்றைக் காட்டியது நான்தான். அதுவும் ஆப்பிரிக்காதான், ஒத்துப்போகும் என்றேன். விடிந்து பார்த்தால் ஓடுகளெல்லாம் புரண்டு கிடந்தன. குட்டி மீன்களின் செட்டைகள் கிழிந்திருந்தன. அன்றைக்கே அதைக் கடையில் திருப்பிக் கொடுத்தான்.

"ஆப்பிரிக்கா எண்டால் எல்லாம் ஒண்டாய் இருக்குமெண்டு நினைச்சிட்டம், என்ன?" என்றான். "உது வேற ஏரி, மச்சான். கல்லிலை பாசி மேயிற சாதி. கண்ட இடமெல்லாம் தன்ரை எண்டு நினைக்கும்."

அதன்பிறகு சனிக்கிழமைகளில் கடைத் தொட்டிகளின் முன்னால் நின்று, எது எங்கே நீந்துகிறது, எது எதைத் துரத்துகிறது என்று பார்ப்பதே அவன் வேலையாகிவிட்டது. கடைசியில் கீழே இறங்கவே இறங்காத, மெலிந்த வெள்ளி மீன்கள் சிலதைக் கொண்டுவந்தான்.

"மேலை அவை, கீழை இவை. ஒருத்தற்றை வாசலை ஒருத்தர் மறிக்காட்டிச் சரி."

எண்பத்தேழு கோடையில், ஊரில் சமாதான ஒப்பந்தம் வந்துவிட்டது, இனிச் சண்டை இல்லை என்றார்கள். அவனிடம் லாண்டட் பேப்பர் இருந்தது, போனாலும் கனடாவுக்குத் திரும்பி வரலாம். தாய் ஊரில் தனியாக இருந்தார்.

"ஒருக்காப் போய் அம்மாவைப் பாத்திட்டு வாறன். பனிக்கு முன்னம் வந்திடுவன்," என்றான். "சாப்பாட்டைக் கூடுதலாய்ப் போட்டிடாதை. புதுசா ஒண்டும் விடாதை."

பனிக்கு முன்னம் அங்கே மறுபடி சண்டை மூண்டது. ஊரோடு போன் தொடர்பு இல்லை. பிறகு ஒருநாள் ஜெர்மனியிலிருந்து அவன் தங்கை போன் எடுத்தாள். நான் நேரில் கண்டிராத பெண். அங்கே அகதி முகாமில் இருந்தாள்.

"அண்ணை உங்கை வந்திட்டாரோ?"

"இல்லைத் தங்கச்சி. ஊரிலை எல்லோ நிக்கிறான்?"

தாய் கடிதம் எழுதியிருந்தாராம்: தனக்கு மருந்து எடுக்கச் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. ஆனால் கொழும்பில் அவனைக் கண்டதாக யாரோ தாய்க்குச் சொல்லியிருக்கிறார்கள். கொழும்புக்குப் போயிருந்தால் டொராண்டோவுக்கும் வந்திருப்பான் அல்லவா? அவளுடைய கணக்கு அது. நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பின்னாலை என்ன சத்தம் கேக்குது?" என்றாள்.

"மீன்தொட்டி. காத்து அடிக்கிற மோட்டர்."

"அண்ணை எழுதின அந்த மீனோ? இன்னும் உயிரோடை இருக்குதுகளோ?"

"ஓம்."

அதற்குப் பிறகு அவள் எடுக்கும்போதெல்லாம் முதலில் அண்ணன், அடுத்தது மீன். எந்த ஓட்டில் எது இருக்கிறது, மேலே திரிகிறவை கீழே வந்து கரைச்சல் கொடுக்கின்றனவா என்றெல்லாம் கேட்பாள். நான் ரிசீவரைப் பிடித்தபடி தொட்டியைப் பார்த்துச் சொல்வேன். சில நாள் இருவரும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். அவன் உள்ளே படுத்திருக்கிறான், எழும்பினால் கூப்பிட்டுக் கொடுக்கலாம் என்பதுபோல எனக்கே தோன்றும்.

மூலை ஓட்டில் இருந்த ஆண் மீன், இருந்ததில் பெரியது, ஒருநாள் வெளியே வரவில்லை. மறுநாளும் இல்லை. உள்ளே செத்துக் கிடந்தால் தண்ணீர் பழுதாகும், எடுத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். கையை விடப் போன நேரம் போன் அடித்தது.

"பெரிசைக் காணேல்லை," என்றேன்.

"ஓட்டுக்குள்ளை பாத்தனீங்களோ?"

"இனித்தான் பாக்கப் போறன்."

"பாக்காதேங்கோ," என்றாள். "கும்பிட்டுக் கேக்கிறன், பாக்காதேங்கோ."

நான் பார்க்கவில்லை. தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்றினேன். மற்ற மீன்கள் எதுவும் அந்த ஓட்டுக்குப் போகவில்லை. வாடகை கட்ட முடியாமல் அறையின் மற்றப் பாதிக்கு ஆள் தேட வேண்டி வந்தபோது, ரெக்ஸ்டேலிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். தொட்டியின் முன் குனிந்து, "உந்த ஓட்டுக்குள்ளை ஏதோ அசையுது, அண்ணை," என்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவர் தங்க வரவில்லை. நானும் பிறகு யாரையும் தேடவில்லை.

எண்பத்தொன்பது வசந்தத்தில் தங்கை கனடா வந்து சேர்ந்தாள். அவளைத் தெரிந்த ஒரு குடும்பம் என்னிடம் அழைத்துவந்தது. அவனுடைய நெற்றி, அவனுடைய நடை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே தொட்டிக்குப் போய்த் தரையில் அமர்ந்தாள். வாசல்களில் கண்கள் வரும்வரை அசையவில்லை.

"எது?" என்றாள்.

காட்டினேன். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டாள். குட்டி மீன்கள் பாய்ந்து வந்து அவள் விரல்களைக் கொத்தின. ஓட்டை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினாள். மணல் விழுந்தது. மறுபடி தட்டினாள். மணல்தான். முள்ளோ செதிலோ எதுவும் இல்லை.

"ஒண்டுமில்லை, அண்ணை," என்றாள் என்னைப் பார்த்து. அப்போதுதான் அழத் தொடங்கினாள். கூட வந்த குடும்பத்து அன்ரி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

மீன்களை எடுத்துப்போகச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள். பிறகு மிசிசாகாவில் வேலை எடுத்தாள், கலியாணம் முடித்தாள். தாயைப் பொறுத்தவரை அவன் இன்னும் வருவான். எங்களுக்குள் அந்தப் பேச்சு நின்றுபோனது.

ஒருமுறை மட்டும் அவளிடம் சொன்னேன். வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் முன்னால் ஒருவன் ஏறினான். அதே தோள், அதே சாய்ந்த நடை. அவன் இறங்கிய இடத்தில் நானும் இறங்கி, பனிச் சேற்றில் பின்னாலேயே போனேன். சிக்னலில் திரும்பினான். யாரோ. மரியாதையாக, வழி தெரியவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

சொல்லிவிட்டு நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"எந்த நம்பர் பஸ், அண்ணை?"