பெரியப்பா கேட்டு வாங்கிய ரூல்

நான்கு சிலேட்டுகள் ஒரே சமயத்தில் உயர்ந்த அந்த நொடி இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. எழுபதுகளின் நடுவில், வாலாஜாபாத் பள்ளி மைதானத்தில் நடந்த ஜிம்னாஸ்டிக்ஸ் தேர்வு அது. மாநிலப் போட்டிக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள். கடைசிவரை நின்றவர்கள் நானும், பெரியப்பாவின் மகளான அக்காவும். எனக்கு இன்னும் வருடங்கள் பாக்கி இருந்தன. அக்காவுக்கு அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

சிலேட்டுகளைக் கொண்டுவர வைத்ததே பெரியப்பாதான். காஞ்சிபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஒரு குட்டிக்கரணம் போடத் தெரியாது. ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் பைத்தியம். ஊரெல்லாம் பட்டு, தறி என்று பேச, இவர் பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடம் மார்க் போடும் முறையைப் பற்றி வாதாடுவார். அப்போதெல்லாம் தலைமை நடுவர் முதலில் தன் மார்க்கைச் சொல்வார், மற்ற மூவரும் அதை ஒட்டியே சொல்வார்கள், நாலையும் கூட்டிவிடுவார்கள். பெரியப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஒருத்தர் மூஞ்சப் பாத்துக்கினு இன்னொருத்தர் மார்க் போட்டா அது என்னாப்பா போட்டி?”

நால்வரும் தனித்தனியே சிலேட்டில் எழுதி ஒன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும், அதிலும் ஆக உயர்ந்ததையும் ஆகக் குறைந்ததையும் தள்ளிவிட வேண்டும் என்று போகிற போட்டியிலெல்லாம் நச்சரிப்பார். தொல்லை தாங்காமல் அந்த வருடம் ஒப்புக்கொண்டார்கள். இப்போது டிவியில் யாராவது மார்க்கைத் தள்ளினால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

பீம் என்கிற அந்த ஒல்லிக் கட்டை மட்டும் பாக்கி. அதுவரை இருவரும் சமம். நான் முதலில் ஏறினேன்; எனக்கு நால்வருமே எட்டரை போட்டார்கள். அக்கா ஏறினாள். அவள் விழக்கூடாது என்றும் ஜெயிக்கக்கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன். திரும்பும்போது கால் தடுமாறியது, விழவில்லை. சிலேட்டுகள் உயர்ந்தன. எட்டேகால், எட்டேகால், எட்டரை, ஒன்பதரை. கூட்டம் ஒன்பதரையைப் பார்த்துக் கைதட்டியது. அக்காவும் சிரித்துவிட்டாள். பழையபடி நாலையும் கூட்டினால் அவள்; ஒன்பதரையையும் ஒரு எட்டேகாலையும் தள்ளினால் நான். கணக்கை முதலில் போட்டு முடித்தவர் பெரியப்பா. அவர் முகத்தைப் பார்த்துத்தான் நான் ஜெயித்ததே எனக்குத் தெரிந்தது.

நடுவர்களில் ஒருவர் அவரிடம் வந்து, புது முறைதானே, வேண்டுமானால் இந்த ஒரு தடவை பழையபடியே கூட்டிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளப் பயமாகவும் இருந்தது. வழியில் ஐயம்பேட்டை வந்ததும் அக்கா, குரலில் கோபமே இல்லாமல், தன் அப்பாவிடம் சொன்னாள்.

“வயசு வரம்ப ஒரு வருஷம் ஏத்தச் சொல்லிக் கேளு நைனா. நீ கேட்டா செய்வாங்க.”

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அது உனுக்காகக் கேட்டதா ஆயிடும்மா.”

“எனுக்காகத்தான் ஒண்ணு கேளேன்.”

அவர் கேட்கவில்லை.